சுண்ணாம்பு தடவாத கலயம்

ப்ளுக். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. சரி, நின்றுவிட்டது என்று நினைக்கிறபோது, மறுபடியும் ப்ளுக்.

நீ சோடாவைத் திறந்ததைச் சொல்லவில்லை அம்மா. நீ குடி, எனக்கு வேண்டாம். அதைக் கேட்டதும் இது ஞாபகம் வந்தது, அவ்வளவுதான். இது வேறு சத்தம். தண்ணீருக்கு அடியிலிருந்து ஒரு குமிழி மெதுவாக ஏறி வந்து மேலே உடைகிற சத்தம். பெங்களூரில் என் மகள் வீட்டுச் சமையலறையில் கேட்டேன். வருஷங்கள் ஆகிவிட்டன. அதற்குப் பிறகு எத்தனையோ சத்தம் கேட்டாயிற்று, என் காதில் தங்கினது அதுதான். கைக்குழந்தைக்கு விக்கல் எடுத்தால் எப்படி இருக்கும், அப்படி. எப்சிக்குப் பிறந்த புதிதில் ஓயாமல் விக்கல் எடுக்கும். வெந்நீரை ஆற்றி ஒரு சொட்டு நாக்கில் விடுவேன். நின்றுவிடும். நின்றதும் என் முகத்தையே பார்ப்பாள், நிறுத்தியது யார் என்று கேட்கிற மாதிரி.

எப்சி என்றால் எப்சிபா. என் மகள். ஒரே மகள்.

நீயும் பெங்களூர்தானா? கம்ப்யூட்டர் வேலையா? நல்லது. அம்மாவிடம் தினமும் பேசுவாயா? பேசு. அவர்களும் ஒன்றும் பெரிதாகப் பேசமாட்டார்கள். சாப்பிட்டாயா என்றுதான் கேட்பார்கள். அதற்காகவாவது பேசு.

வாசனை வருகிறது என்று பார்க்கிறாய், தெரிகிறது. கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டி, ஓலைப்பெட்டியில் கட்டி வைத்திருக்கிறேன். உன் காலுக்கு இடைஞ்சலாக இருந்தால் சொல், இந்தப் பக்கம் நகர்த்திக்கொள்கிறேன். எனக்குத் தூத்துக்குடி. அங்கே பெண்கள் கல்லூரியில் தமிழ் நடத்தினேன். இப்போது என் தம்பி பேத்திக்குப் பெங்களூரில் கல்யாணம், அதற்குத்தான் போகிறேன். கல்யாணத்துக்கு எதற்குக் கருப்பட்டி என்று கேட்காதே. சொல்கிறேன். வண்டி மணியாச்சிக்குக்கூட இன்னும் வரவில்லை, நேரம் இருக்கிறது.

எப்சி கெமிஸ்ட்ரி டீச்சராக இருந்தாள். எங்கள் சபை நடத்துகிற பெண்கள் மேல்நிலைப் பள்ளியில். நிரந்தர வேலை. அந்த வேலைக்கு எத்தனை பேர் தவம் கிடந்தார்கள் தெரியுமா? நானும் அவளும் காலையில் ஒன்றாகத்தான் கிளம்புவோம். நான் இடதுபக்கம் கல்லூரிக்கு, அவள் வலதுபக்கம் பள்ளிக்கு. அவள் அப்பா வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துக் கையாட்டுவார். துறைமுகத்தில் எழுத்தராக இருந்தவர், அதிகம் வாய் பேசாத மனுஷர். நான் ஓய்வு பெற்ற அடுத்த வருஷம் அவர் போய்ச் சேர்ந்தார். பிறகு அவளும் நானும்தான்.

ஒரு நாள் சாயங்காலம், சேலை முந்தானையெல்லாம் சாக்பீஸ் தூள், அப்படியே வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள்.

"யம்மா, நான் வேலைய விட்டுட்டேன்."

"ஏட்டி, என்ன சொல்லுத?"

"எழுதிக் குடுத்துட்டேன். பெங்களூருக்குப் போறேன். பீர் செய்யப் படிக்கப் போறேன்."

குடிக்க என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு விளங்கியிருக்கும். செய்ய என்றாள். அந்த ஊரில் இப்போது சின்னச் சின்னதாகக் கடைகள் இருக்கின்றனவாமே, உனக்குத் தெரிந்திருக்கும். அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றிக் கொடுப்பார்களாம். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய பெரிய டேங்க் நிற்குமாம். எப்சி லீவில் பெங்களூரில் என் தம்பி வீட்டுக்குப் போனபோது யாரோ கூட்டிக்கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்கள். அன்றைக்கே மனதைப் பறிகொடுத்துவிட்டு வந்திருக்கிறாள், எனக்கு ஒன்றும் தெரியாமல்.

"இத்தன வருஷமா நொதித்தல் நொதித்தல்னு போர்டுல எழுதிப் போடுதேன்மா. ஒரு தடவகூட அது நடக்கத நான் நின்னு பாத்ததில்ல. பிள்ளைங்க எழுதிக்கிட்டு போகுது. நான் அழிச்சிட்டு வீட்டுக்கு வாரேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. நீ யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. தட்டிலிருந்த சோற்றை மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன். மறுநாள் எழுந்திருக்கவில்லை. அதற்கு மறுநாள் ஐயரம்மா வந்து தலைமாட்டில் உட்கார்ந்து ஜெபித்த பிறகுதான் கஞ்சி குடித்தேன். ஐயரம்மா என்றால் எங்கள் பாதிரியாரின் வீட்டம்மா. எங்கள் பக்கத்தில் பாதிரியாரை ஐயர் என்போம். ஆனால் மகளைப் பார்த்து ஒரு கடுஞ்சொல் சொன்னேன் என்று யாரும் சொல்ல முடியாது. அவள் பெட்டி கட்டும்போதுகூட நான்தான் துணி மடித்துக் கொடுத்தேன். சேலை மட்டும் மடித்தேன். அவள் வாங்கி வைத்திருந்த பேண்ட்டுகளை அவளே மடித்துக்கொண்டாள்.

இதில் என்ன இருக்கிறது என்று நீ நினைக்கலாம். உன் வயசுப் பிள்ளைகளுக்கு பீர் என்றால் ஒரு குளிர்பானம். எங்கள் ஆட்களுக்கு அப்படி இல்லை அம்மா. என் தாத்தாவின் அப்பா பனையேறி. பாளையைச் சீவி, அதில் கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குவார். கலயத்துக்கு உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் காலையில் இறங்குவது பதனீர். தடவாவிட்டால், அதே மரம், அதே பாளை, இறங்குவது கள். வித்தியாசம் அவ்வளவுதான். ஒரு விரல் சுண்ணாம்பு. கள் இறக்கினவர்கள் கள் குடித்தார்கள், குடித்தவர்கள் பெண்டு பிள்ளைகளை அடித்தார்கள், மரத்திலிருந்து விழுந்தார்கள். வேதத்துக்கு வந்தபோது, அதாவது கிறிஸ்தவர்கள் ஆனபோது, சபை முழுக்கக் கோயிலில் எழுந்து நின்று வாக்குக் கொடுத்தார்கள்: இனி சுண்ணாம்பு தடவாத கலயம் கட்டுவதில்லை. அன்றிலிருந்து எங்கள் பனங்காட்டில் கட்டினதில்லை. பதனீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்கி, கருப்பட்டியை விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். அந்த ஒரு விரல் சுண்ணாம்பில்தான் நாங்கள் டீச்சர் ஆனோம், கிளார்க் ஆனோம், செருப்புப் போட்டோம். என் அப்பா இதைச் சொல்லும்போது கட்டைவிரலை ஆள்காட்டி விரல்மேல் தேய்த்துக் காட்டுவார். சொல்லும்போதே விரலில் சுண்ணாம்பு இருக்கிற மாதிரி இருக்கும்.

அந்த வீட்டுப் பிள்ளை பீர் காய்ச்சப் போனாள்.

சபையில் கேட்டார்கள். கேட்காமல் இருப்பார்களா? "தண்ணீர் சம்பந்தப்பட்ட கம்பெனி" என்று சொன்னேன். பொய் இல்லை. பீரில் பெரும்பகுதி தண்ணீர்தான், அவளே சொல்லியிருக்கிறாள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஜெப விண்ணப்பம் கொடுத்தேன், "என் மகளுக்கு நல்ல வேலை அமைய வேண்டும்" என்று. "இப்போ பாக்கிறது நல்ல வேலை இல்லையா அக்கா?" என்று பக்கத்து வீட்டு ஜெசிந்தா கேட்டாள். அவளுக்கு அந்த மாதிரிக் குசும்பு உண்டு. "இதைவிட நல்லது" என்றேன். வாரா வாரம் அத்தனை பேரும் கண்ணை மூடி ஜெபித்தார்கள். எதற்கு என்று தெரியாமலே ஜெபித்தார்கள், பாவம்.

அவள் போன இடத்தில் பீர் செய்ய விடவில்லை. முதலில் கழுவச் சொன்னார்கள். டேங்க் கழுவுவது, குழாய் கழுவுவது, தரை கழுவுவது. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள். "இன்னைக்கு என்ன செஞ்ச?" என்றால், "கழுவினேம்மா" என்பாள். எம்.எஸ்ஸி., பி.எட். படித்த பிள்ளை. வருஷக்கணக்காகக் கழுவினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. "உன் இடத்துக்கு வந்த டீச்சர் நன்றாக நடத்துகிறாளாம்" என்று மட்டும் அவ்வப்போது சொல்வேன். தெரிந்துகொள்ளட்டும் என்றுதான்.

அப்புறம் ஒரு நாள் போன் வந்தது. குரலே வேறு மாதிரி இருந்தது.

"யம்மா, இங்க வாயேன். வந்து கொஞ்ச நாள் இரு. வரும்போது உடன்குடிக் கருப்பட்டி ஒரு பெட்டி எடுத்துட்டு வா. நல்ல பழசா, உள்ள கறுத்து இருக்கும்லா, அது."

எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல். வீட்டு ஞாபகம் வந்துவிட்டது பிள்ளைக்கு. சின்ன வயசில் கருப்பட்டிக் காப்பி இல்லாமல் எழுந்திருக்க மாட்டாள். உடன்குடிக்கே ஆள் அனுப்பி வாங்கினேன். இதே மாதிரி ஓலைப்பெட்டி. இதே ரயில்.

அவள் வீட்டு வாசலில் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, ஆண்பிள்ளை யாராவது இருக்கிறானோ என்று. அவளுடையதுதானாம். "தரையெல்லாம் ஈரம்மா, வழுக்கும்லா" என்றாள். இளைத்திருந்தாள். உள்ளங்கை வெடித்து வெடித்துக் கிடந்தது. ஆனால் சிரித்துக்கொண்டே இருந்தாள். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த காலத்தில் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. இளைத்தால் முகம் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு அவளுக்கு லீவு. பெரிய பாத்திரத்தில் முளைகட்டின பார்லியை ஊறவைத்து வடிகட்டிக் காய்ச்சினாள். வீடே சத்துமாவுக் கஞ்சி வாசனை. "என்னட்டி இது, பாயசமா?" என்று கேட்டேன். "அப்படித்தான்னு வச்சுக்கோயேன்" என்றாள். கருப்பட்டியை நான்தான் உடைத்துக் கொடுத்தேன். உரலில் போட்டு நானே இடித்தேன். ஒரு சில்லு எடுத்து என் வாயில் போட்டாள், ஒரு சில்லு அவள் வாயில் போட்டுக்கொண்டாள். இரண்டு பேரும் அடுப்புக்கு முன்னால் நின்று கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு, அது கொதிப்பதைப் பார்த்தோம். நன்றாக இருந்தது அம்மா. அந்த மாதிரி ஒரு நாள் எங்களுக்கு அதற்கு முன்னால் இருந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். தெரியவில்லை.

ஆறினதும் தண்ணீர் கேன் மாதிரி ஒரு பெரிய கேனில் ஊற்றினாள். பிரிட்ஜிலிருந்து ஒரு சீசாவை எடுத்தாள், அடியில் மாவு மாதிரி படிந்திருந்தது, அதில் பாதியை கேனில் விட்டாள். மீதியைத் திரும்ப பிரிட்ஜில் வைத்தாள். கேனை மூடி, மூடியில் ஒரு ட்யூப் செருகி, ட்யூபின் மறுமுனையை ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டாள். மறுநாள் காலையில் அந்தச் சத்தம் தொடங்கிவிட்டது. ப்ளுக். அவள் கேனுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேட்டாள். "பாடுது பாரும்மா" என்றாள்.

அவள் வேலைக்குப் போன பிறகு வீட்டை ஒழுங்கு பண்ணினேன். நான் சும்மா இருக்கிறவள் இல்லை. பிரிட்ஜ் கிடந்த கிடப்பு! எல்லாவற்றையும் எடுத்துத் துடைத்தேன். அந்தச் சீசாவை முகர்ந்து பார்த்தேன். புளித்த வாடை. கெட்டுப்போன மோர் மாதிரி. கொட்டிவிட்டு, வெந்நீர் விட்டு அலசி, கவிழ்த்து வைத்தேன்.

சாயங்காலம் வந்து பிரிட்ஜைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

"யம்மா, இங்க ஒரு சீசா இருந்துச்சே?"

"புளிச்சுப்போய்க் கெடந்துச்சு. கொட்டிட்டேன்."

தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் பயந்துபோனேன். பிறகு கேன் பக்கம் பார்த்து, "பரவால்லம்மா. பாதி கேன்ல விட்டாச்சு. அதுல இருந்து திரும்ப எடுத்துக்கிடலாம்" என்றாள். எதற்கெடுத்தாலும் பரவால்ல என்பாள். அவள் அப்பாவின் வார்த்தை அது.

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாள். அது கடையில் வாங்கின ஈஸ்ட் இல்லையாம். அதற்கு முந்தின ஈஸ்டருக்கு ஊருக்கு வந்திருந்தபோது, தோழி வீட்டுக்குப் போகிறேன் என்று ஒரு பகல் முழுக்கக் காணவில்லை. தோழி வீட்டுக்குப் போகவில்லை. எங்கள் பனங்காட்டுக்குப் போயிருக்கிறாள். இப்போது அங்கே ஏறுகிறவன் தங்கப்பழம், நல்ல பையன், எங்கள் சபைதான். அவனிடம் கெஞ்சி, ஒரே ஒரு கலயத்தில் மட்டும் சுண்ணாம்பு தடவாமல் கட்டச் சொல்லியிருக்கிறாள்.

"அந்த நுரையில இருந்து எடுத்து, வளத்து வளத்து, எத்தனையோ மாசம்மா. முதல்ல சொன்ன பேச்சே கேக்கல. இப்பத்தான் பழகியிருக்கு. உங்க தாத்தாவோட அப்பா ஏறுன பனை. அந்தக் காத்துல இருந்தது, இந்தக் கேன்ல இருக்கு. நெனச்சுப் பாரேன்!"

நினைத்துப் பார்த்தேன். சுண்ணாம்பு தடவாமல். எங்கள் மரத்தில்.

"எங்க மொதலாளி பொன்னப்பா சார் புதுசா ஒரு இடம் தொறக்காரு. அங்க செய்யதுக்கு ஒரு ஆள் வேணும். ஒன்னோடதுன்னு ஒண்ணு செஞ்சு கொண்டா, குடிச்சுப் பாத்துட்டுச் சொல்லுதேன்னாரு. இது மட்டும் சரியா வந்துட்டா, இனி கழுவ வேண்டாம்மா. நான்தான் அங்க எல்லாம்." பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு, "சரியா வந்தா போர்டுல ஒம் பேரத்தான் போடுவேன். பாக்கியம்னு. ஒன் கருப்பட்டி, ஒன் பனங்காடு, ஒன் பேரு" என்றாள்.

என் பெயர் அன்னபாக்கியம்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. யோசித்துப் பார். நாலு பேர் மேசையில் உட்கார்ந்துகொண்டு, ஒரு பாக்கியம் கொடு, இன்னொரு பாக்கியம் கொடு என்று கேட்பார்கள். குடித்துவிட்டு, பாக்கியம் இன்றைக்குக் கொஞ்சம் கசக்கிறது என்பார்கள். என் அப்பா ஜெபம் பண்ணி வைத்த பெயர். "சரியாக வராவிட்டால் என்ன செய்வாய்?" என்று மட்டும் கேட்டேன். சும்மாதான் கேட்டேன்.

"இங்க என் வேலை ஒப்பந்தமும் முடியுது. என்ன செய்ய, மூட்டையக் கட்டிட்டு ஒங்கிட்ட வரவேண்டியதுதான்" என்று சிரித்தாள்.

சும்மாதான் கேட்டேன் அம்மா.

அதற்குப் பிறகு அந்தச் சத்தம் என்னை விடவில்லை. அவள் வேலைக்குப் போய்விடுவாள், நானும் அதுவும்தான் வீட்டில். ஜெபம் பண்ண உட்கார்ந்தால், ப்ளுக். ஆமென் சொல்வதற்கு முன்னால் ஒரு ப்ளுக். எனக்கு வார்த்தையைவிடச் சத்தம்தான் முதலில் உள்ளே போகும், சின்ன வயசிலிருந்தே அப்படி. குழந்தைக்கு விக்கல் எடுத்துக்கொண்டே இருந்தால் ஒரு தாயால் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? நீயே சொல்.

கீழ்வீட்டில் ஒரு அம்மாள் இருந்தாள், முனியம்மா, கிருஷ்ணகிரிப் பக்கம். வெற்றிலை போடுவாள். ஒரு மத்தியானம் இறங்கிப் போய்க் கொஞ்சம் சுண்ணாம்பு கேட்டேன். "வெத்தல போடுவீங்களாம்மா? சொல்லவே இல்லியே, வாங்க, உக்காருங்க" என்று பாக்குவெட்டியை எடுத்துவிட்டாள். "வெத்தலைக்கு இல்ல. ஒரு சின்ன வேலை" என்றேன். வெற்றிலைத் துண்டில் நெல்லிக்காய் அளவு வைத்துக் கொடுத்தாள்.

மேலே வந்து கேன் மூடியைத் திறந்தேன். உள்ளே மேலாகப் பழுப்பாய் நுரை நின்றது. கருப்பட்டி வாசனைதான் வந்தது, எங்கள் ஊர் வாசனை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சின்னதாக ஒரு ஜெபம் பண்ணினேன். சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து உள்ளே விட்டேன். அடியில் ஒட்டினதை விரலால் வழித்துக் கேன் வாயில் தடவினேன். கலயத்தில் தடவுகிற மாதிரி.

உடனே நிற்கவில்லை. கொஞ்ச நேரம் கேட்டது. இடைவெளி நீண்டது. நான் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒன்று வந்தது. வெயில் ஜன்னலிலிருந்து சுவருக்குப் போனது. இன்னொன்று வந்தது, பாதிதான், உடைகிற அளவுக்கு வரவில்லை. பிறகு இல்லை.

அந்த ஊருக்குப் போய் அன்றைக்குத்தான் நான் நிம்மதியாகக் கண்ணயர்ந்தேன். பதனீர் ஆகியிருக்கும் என்றுதான் நினைத்தேன். அவர்களும் குடித்துப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறதே, இதையே விற்கலாமே என்று சொல்லக்கூடும். ஏன் சொல்லக் கூடாது? நல்ல பதனீர் குடித்தவன் வேறு எதைக் கேட்பான்?

எப்சி வந்தாள். ஒரு பூட்ஸைக் கழற்றினாள். அடுத்ததில் கை வைத்தவள் அப்படியே நிமிர்ந்து பார்த்தாள்.

"யம்மா, சத்தம் எப்ப நின்னுச்சு?"

ஒரு பூட்ஸோடு உள்ளே வந்தாள். கேனில் காதை வைத்துக் கேட்டாள், டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்பாரே, அப்படி. மூடியைத் திறந்து கரண்டியால் கொஞ்சம் எடுத்து வாயில் விட்டாள், தொட்டியில் துப்பினாள். கேன் வாயைப் பார்த்தாள். என் விரலைப் பார்த்தாள். நகக்கண்ணில் கொஞ்சம் வெள்ளை இருந்தது, நான் சரியாகக் கழுவவில்லை போலிருக்கிறது.

"என்ன போட்ட?"

"சுண்ணாம்பு. கொஞ்சமாத்தான்."

அவள் சிரித்தாள். கோபப்படவே இல்லை. சிரித்தாள். சுண்ணாம்பா, சுண்ணாம்பா என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, ஒரு காலில் பூட்ஸும் ஒரு கால் வெறுமையுமாக, கண்ணில் தண்ணீர் கொட்டுகிற வரைக்கும் சிரித்தாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். வெகுநேரம் சிரித்தோம். என் மேல் வருத்தம் இருந்தால் ஒரு பிள்ளை அப்படிச் சிரிக்குமா?

பிறகு எழுந்து கேனைக் கவிழ்த்துக் கழுவினாள். அவளுக்குத்தான் கழுவத் தெரியுமே. கழுவிவிட்டு எனக்குத் தோசை சுட்டுக் கொடுத்தாள். அந்த வாரக் கடைசியில் என்னை ரயிலேற்றிவிட்டாள். ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். வண்டி நகரும்போது, "பரவால்லம்மா" என்றாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள்.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக ஐயரிடம் போய்த் தங்கப்பழம் செய்ததைச் சொன்னேன். சொல்லத்தானே வேண்டும்? அடுத்த ஞாயிறு அவன் கோயிலில் எழுந்து நின்று மறுபடியும் வாக்குக் கொடுத்தான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு. நல்ல பையன்.

எப்சியின் அறைக்கு ஆள் வைத்துச் சுண்ணாம்பு அடித்தேன். பள்ளிக்கூடத்திலும் தாளாளரிடம் ஒரு வார்த்தை போட்டு வைத்தேன். மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவேன் என்று அவள்தானே சொன்னாள்.

வரவில்லை. அந்தப் பொன்னப்பாவின் போன்தான் வந்தது. குடகுக்காரர், ஆனால் தமிழ் பேசுகிறார்.

"ஆன்ட்டி, எப்சி ஊருக்கு வந்தாங்களா? போனை எடுக்க மாட்டேங்கிறாங்க. நாங்க எல்லாம் கிளாஸை வச்சுக்கிட்டுக் காத்திருந்தோம். வெறும் கையோட வந்து நிக்கிறாங்க. என் கவனக்குறைவு சார், கெட்டுப்போச்சுன்னாங்க. பரவாயில்லை, இன்னொரு தடவை செய்யுங்க, நான் டைம் தரேன்னு சொன்னேன். அந்த ஈஸ்ட் இனிமே வராது சார்னுட்டு, பூட்ஸைக் கழட்டி வச்சுட்டுப் போயிட்டாங்க. நல்ல கை ஆன்ட்டி அவங்களுக்கு. நீங்க சொல்லிப் பாருங்களேன்."

கேட்டாயா? தன் கவனக்குறைவு என்று அவளே சொல்லியிருக்கிறாள். நான் போட்ட சுண்ணாம்பால் என்றால் சொல்லியிருக்க மாட்டாளா? வாய் இல்லாத பிள்ளையா அவள்? அது முன்பே கெட்டுப்போயிருக்க வேண்டும். புளித்த வாடை நான் முதல் நாளே பார்த்தேன். இன்னொரு தடவை செய்யச் சொல்லியும் அவள்தான் மாட்டேன் என்றிருக்கிறாள். அவளுக்கே மனதில் பட்டிருக்கும், இது நமக்கு ஆகாது என்று. ஜெபம் வீண்போகாது.

"நீங்கள் கவலைப்படாதீர்கள், அவளுக்கு இங்கே வேலை இருக்கிறது" என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

எங்கே இருக்கிறாள் என்றே கொஞ்ச காலம் தெரியவில்லை. என் தம்பி விசாரித்துச் சொன்னான். வேறு வேலை, கம்பெனி வேலை, யாரிடமும் தலைநிமிர்ந்து சொல்கிற வேலை. அன்றைக்கு நான் அழுதேன். அடுத்த ஞாயிறு ஸ்தோத்திரக் காணிக்கை வைத்தேன். என்ன கம்பெனி என்று இந்தத் தடவை நானே எல்லோரிடமும் சொன்னேன். ஜெசிந்தாவிடம் இரண்டு தடவை சொன்னேன்.

மெசேஜ் போடுவேன். பார்த்துவிட்டாள் என்று இரண்டு நீலக் கோடு வரும். கிறிஸ்மஸுக்கு வருகிறாயா என்றால், "பாப்போம்மா." உடம்பு எப்படி என்றால், "நல்லா இருக்கேன்." பேசத்தான் மாட்டேன் என்கிறாள். சண்டை இல்லை அம்மா. சண்டை என்றால் ஒரு நாள் தீர்ந்துவிடும். இது அப்படி இல்லை. மத்தியானத்தில் சில நாள் குழாய் சொட்டும். எழுந்து உட்கார்ந்துவிடுவேன். இரண்டு சொட்டுக்கும் நடுவில் இருக்கிற நேரத்தைக் கேட்டுப் பார்ப்பேன். அது இல்லை. இது சும்மா தண்ணீர்.

விடிகாலையில் இந்த வண்டி ஓசூரில் நிற்கும். அவள் அங்கேதான் இருக்கிறாள், ஸ்டேஷனுக்குப் பக்கம்தான். இன்ன பெட்டி, இன்ன சீட் என்று எல்லாம் எழுதி அனுப்பியிருக்கிறேன். நீலக் கோடு வந்துவிட்டது. போன தடவையும் வந்தது. நான் கதவருகே நின்றுகொண்டிருந்தேன், வண்டி கிளம்பிவிட்டது. அந்தப் பெட்டியைத் தம்பி வீட்டில் கொடுத்துவிட்டேன். பலகாரம் செய்து தீர்த்துவிட்டார்கள்.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நான் அசந்துவிட்டால் ஓசூருக்கு முன்னால் என்னை எழுப்பிவிடுகிறாயா? என்னால் இந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கதவுவரைக்கும் நடக்க முடியாது. ஒரு பக்கம் நீ பிடித்துக்கொண்டால் போதும். எப்சியை உனக்கு அடையாளம் தெரியாது. ஒல்லியாக இருப்பாள். தனியாக நிற்பாள். வந்தால்.

என்ன வேலை என்றா கேட்டாய்? சொல்லவில்லையா நான்?

ஓசூரில் ஒரு வினிகர் கம்பெனி லேபில் இருக்கிறாள். காப்பிக்கு இப்போது சீனிதான் போட்டுக்கொள்கிறாளாம், என் தம்பி சொன்னான்.